மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தவன் நான்

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதைப் பிறகு பேசலாம்.

திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் மூன்று ஆலயங்கள் கட்டினேன். முதலாவது பனையோலைக் கூரை, இரண்டாவது நாட்டு ஓடு, மூன்றாவது கான்கிரீட். சபை என்ற சொல்லே கேட்டிராத ஆறு ஊர்களில் சபை சேர்த்தேன். கல்லறைத் தோட்டத்துக்கு மார்பளவு சுற்றுச்சுவர் எழுப்பினேன். அதுவரை எங்கள் செத்தவர்கள் மேல் சீமைக்கருவேலம் முளைத்துக் கிடந்தது. இங்கே தண்ணீர் கிடையாது என்று போர்வெல்காரன் குழாயை உருவப்போன இடத்தில் குறுக்கே நின்று, இன்னும் நாற்பது அடி போடு என்று போட வைத்துத் தண்ணீர் எடுத்தேன். உப்புத் தண்ணீர்தான். ஆனாலும் தண்ணீர்.

இவ்வளவையும் ஐந்தாம் வகுப்பு படித்தவன் செய்தேன். அந்த ஐந்தாம் வகுப்பிலும் பாதி நாள் விறகு எரித்துக் கரி எடுக்கும் மூட்டத்தில்தான் இருந்தேன். வேதசாஸ்திரக் கல்லூரியின் வாசற்படி கல்லா மரமா என்று எனக்குத் தெரியாது. எழுத்துக்கூட்டிப் படித்து, படித்ததை மனப்பாடம் பண்ணி, மைக் இல்லாத காலத்தில் எதிர்காற்றில் நின்று பிரசங்கம் பண்ணி, சைக்கிள் மிதித்தே முழங்கால் தேய்ந்து உபதேசியார் ஆனவன். படித்துவிட்டு வந்த போதகர்மார் எத்தனையோ பேர் என்னிடம் வந்து, "அய்யா, இந்த ஊர்ச் சண்டையை எப்படித் தீர்ப்பது" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

நானே பெண் பார்த்து, மாப்பிள்ளை பார்த்து, பேசி முடித்த கல்யாணங்கள் முப்பத்தெட்டு. ஒன்றுகூடப் பிரியவில்லை என்று மேடைக்கு மேடை சொல்லி வந்தேன். இப்போது எழுதப்போவது முப்பத்தொன்பதாவதைப் பற்றி.

பல ஊர்ச் சபைகள் சேர்ந்த நம் சேகரத்தின் விழா மலருக்காக, புதிதாக ஊழியத்துக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொல்லி இப்போதைய போதகர் கேட்டார். தம்பிமாரே, தங்கச்சிமாரே, பயன்படும்படிதான் எழுதுகிறேன். இனிப்பாக இருக்காது.

*

ஓலை என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மலர் வேறு ஆட்கள் கைக்கும் போகும் என்பதால் சொல்கிறேன். நம் சபையில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மூன்று ஞாயிறு ஆராதனையில் அதைச் சபையாருக்கு அறிவிக்க வேண்டும். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் கல்யாணம், இவர்கள் சேரக் கூடாததற்கு யாருக்காவது ஒரு தடை தெரிந்தால் சொல்லலாம் என்று கேட்க வேண்டும். முதலாம் ஓலை, இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை. மூன்றிலும் யாரும் வாய் திறக்கவில்லை என்றால் கல்யாணம். போதகர் மாதம் ஒரு தடவைதான் கிராமத்துக்கு வருவார். அதனால் ஓலை வாசிப்பது உபதேசியாரின் வேலை.

என்னை ஊழியத்தில் சேர்த்துவிட்ட பழைய போதகர், என் சைக்கிளின் பின் கேரியரில் உட்கார்ந்து ஊர் ஊராக வருவார். மெலிந்த மனிதர், கனமே தெரியாது. நான் முதன்முதலாக ஓலை வாசித்த ஞாயிறு, தபால்காரன் தந்தி வாசிப்பதுபோல் வாசித்து முடித்தேன். திரும்பி வரும்போது பின்னாலிருந்து சொன்னார்:

"மாசிலாமணி, தடை இருக்கான்னு கேட்டுட்டு வாய மூடு. மனசுக்குள்ள பத்து எண்ணு. பத்து எண்ணுற வரைக்கும் சனங்க முகத்தப் பாரு. ஒரு உபதேசியார் வேலைல அந்தப் பத்துதான் வேலை. மத்ததெல்லாம் எவனும் செய்வான்."

அன்றிலிருந்து பத்து எண்ணினேன். ஒரு தடவை எட்டாவது எண்ணில் கடைசி வரிசையில் ஒரு பெரியவர் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். "உபதேசியாரே, மாப்பிள்ளைக்குக் கமுதிப் பக்கம் ஒரு குடும்பம் இருக்குன்னு கேள்வி. நான் சொன்னேன்னு வேண்டாம், விசாரிச்சுக்கிடுங்க" என்றார். ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்போதும் 'நான் சொன்னேன்னு வேண்டாம்' என்றார். விசாரித்தோம். உண்மைதான். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இப்போது காரியாபட்டியில் நன்றாக இருக்கிறாள். எட்டாவது எண்ணில் கிடைத்த வாழ்க்கை அது. ஏழில் நிறுத்தியிருந்தால் போயிருக்கும்.

இதைப் பல கூட்டங்களில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அடுத்து வருவதை எங்கும் சொன்னதில்லை.

*

ஞானமுத்துவும் நானும் ஒரே மூட்டத்தில் கரி தள்ளியவர்கள். நான் ஊழியத்துக்கு வந்தேன், அவன் சொந்தமாக மூட்டம் போட்டு, லாரி வைத்து, ஊரில் பெரிய ஆளானான். மூன்றாவது ஆலயத்துக்கு இடம் கொடுத்தது அவன். செங்கலுக்கு அலைந்தது நான். ஆலயம் முடியும் தறுவாயில் ஒரு நாள் வந்து சொன்னான்.

"ஏலே மாசிலா, எம்மவனுக்கு ஒரு புள்ளையப் பாரு. புது கோயில்ல மொதக் கல்யாணம் அவனோடதா இருக்கணும்."

மகன் பெயர் செல்வின். ஒரே பிள்ளை, தாய் இல்லை. அருப்புக்கோட்டையில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீசியன். ஆலயத்து மைக் செட்டு முழுக்க அவன் பொறுப்பு. ஞாயிறு தோறும் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருப்பான். என் தொண்டை கட்டியிருந்தால் என் வீட்டுக்காரிக்கு முன்னால் அவன் கண்டுபிடித்துவிடுவான். ஒரு திருகைத் திருகி என் குரலைத் தேற்றி வெளியே அனுப்புவான்.

பாலவனத்தத்தில் எஸ்தர் என்ற பெண்ணைப் பார்த்தேன். தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தகப்பன் இல்லை. தாயார், "நீங்க சொன்னா போதும்யா, மாப்பிள்ளைய நான் பாக்கக்கூட வேண்டாம்" என்றார். அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும்.

முதலாம் ஓலைக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், புது ஆலயத்தில் செல்வின் ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நான் பிரதிஷ்டைக் கல்வெட்டு வந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருந்தேன். வந்திருந்தது. போதகர் பெயருக்குக் கீழே என் பெயர். சாக்கை விலக்கி அதைத் தடவிக்கொண்டிருந்தேன். செல்வின் ஏணியிலிருந்து இறங்கி வந்தான்.

"அய்யா, கொஞ்சம் உக்காருங்க."

"என்னப்பா, பொண்ணு கருப்புன்னு யோசிக்கியா? நீ மட்டும் என்ன, கரி யாவாரி மகன்தான."

அவன் சிரிக்கவில்லை. "அந்தப் புள்ள மேல ஒரு கொறையும் இல்லய்யா. எந்தப் புள்ளையா இருந்தாலும் எனக்கு இதே பேச்சுத்தான். எனக்கு ஆம்பளைக மேலதான் மனசு போகுது. வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அப்படித்தான். எம்புட்டோ ஜெபம் பண்ணிட்டேன், உபவாசம் இருந்துட்டேன். மாறல."

அவனே தொடர்ந்தான்.

"மில்லுல ஃபிட்டரா இருக்காரு, பாண்டின்னு. மூணு வருசமாப் பழக்கம். கண்ட பழக்கம்னு நெனச்சிராதீக. அவரு சாப்டாரான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காது. அம்புட்டுத்தான்யா சொல்லத் தெரியுது."

எனக்கு முதலில் கோபம் வந்ததா, அருவருப்பு வந்ததா என்று கேட்டால், இரண்டும் இல்லை. உண்மையை எழுதுகிறேன் என்று உட்கார்ந்தவன் உண்மையைத்தான் எழுத வேண்டும். முதலில் என் கண் போனது கல்வெட்டின் பக்கம். முதல் கல்யாணம் நின்றுபோகுமே என்று நினைத்தேன்.

"கால்கட்டுப் போட்டா எல்லாம் சரியாயிரும்ப்பா" என்றேன். "ஒன்னய மாதிரி எத்தன பேரப் பாத்திருக்கேன்." ஒருவனைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் அவர்கள் என்னிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்.

"கட்டு எங்கால்ல மட்டும் போடலையேய்யா. அந்தப் புள்ள கால்லயும்ல போடுறீக."

பதில் இல்லாத ஊழியக்காரன் என்ன செய்வான்? ஜெபம் பண்ணுவான். அவன் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபித்தேன். அசுத்தத்தை அகற்றும் என்றேன். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்க, மனம் பந்தல்காரனுக்கு ஆள் அனுப்பியாயிற்றா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவன் ஆமென் சொன்னான். பிறகு, எழுதிக் கொண்டுவந்ததைப் படிப்பதுபோல் நிதானமாகக் கேட்டான்.

"ஞாயித்துக்கெழம நீங்கதான ஓலை வாசிப்பீக. தடை இருக்கான்னு நீங்கதான கேப்பீக. நீங்களே சொல்லிருங்கய்யா. காரணம் ஒண்ணும் சொல்ல வேண்டாம். 'ஒரு தடை எனக்குத் தெரிய வந்திருக்கு, போதகர்கிட்ட பேசிக்கிடுறேன்'னா போதும். நீங்க சொன்னா அப்பாவும் கேப்பாரு, சனமும் கேக்கும்."

"நீயே ஒங்கப்பன்ட்ட சொல்ல வேண்டியதுதான?"

"அவரு மொகத்தப் பாத்தா வாய் வரலய்யா. ஒங்ககிட்ட சொல்றதுக்கே நாலு மாசம் ஆச்சு."

"சரி, பாப்போம்" என்றேன்.

ஊழியக்காரன் வாயில் வருகிற சொற்களிலேயே மோசமான சொல் இந்தப் 'பாப்போம்'. முடியாது என்று சொல்லியிருந்தால் அவன் வேறு வழி தேடியிருப்பான்; ஓடிக்கூடப் போயிருப்பான். பார்ப்போம் என்றதால் மூன்று ஞாயிறும் காத்துக்கொண்டிருந்தான்.

*

முதல் ஞாயிறு. ஓலையை வாசித்தேன். தடை இருந்தால் சொல்லலாம் என்றேன். பத்து எண்ணினேன். ஆனால் முகங்களைப் பார்க்காமல், புதிதாக மாட்டியிருந்த மின்விசிறியைப் பார்த்து எண்ணினேன். பிரதிஷ்டை முடிந்த இரண்டாவது நாள் என்பதால் எல்லோரும் விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்வின் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று பார்க்காமலே தெரிந்தது.

இரண்டாவது ஞாயிறு ஐந்து எண்ணினேன்.

மூன்றாவது ஞாயிறு, மைக்கை அவன் என்றைக்கும் இல்லாத அளவுக்குக் கூட்டி வைத்திருந்தான். நான் மூச்சு விடுவது வெளியே பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும். ஊர் முழுக்கக் கேட்கும்படி என் குரல் கேட்டது: யாருக்காவது தடை தெரியுமா? அந்த ஆலயத்தில் தடை தெரிந்தவன் ஒருவன் இருந்தான். அவன்தான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தான்; நான்தான் அவன். நான் எண்ணவே இல்லை. வாக்கியம் முடிவதற்குள் பாட்டு நம்பரைச் சொல்லிவிட்டேன். சபை எழுந்து பாடியது.

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு செல்வின் மைக் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போனேன். திட்டுவான் என்று நினைத்தேன்.

"மைக் நல்லா இருந்துச்சாய்யா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

கல்யாணம் நடந்தது. அன்பைப் பற்றிய வேதபாடத்தை நான்தான் வாசித்தேன். அன்பு நீடிய பொறுமை உள்ளது என்று அடுத்தவனுக்கு வாசிப்பது எளிது. ஞானமுத்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நன்றாக வாசித்தாய் என்று போதகரும் சொன்னார்.

*

ஒன்றரை வருடம் கழித்து, வெயில் கொளுத்தும் ஒரு சனிக்கிழமை, எஸ்தர் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தாள் என் வீட்டுக்காரி. எஸ்தர் செம்பைக் கையில் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தாள்.

"அய்யா, நான் சண்ட போட வரல. அவுக மேல எனக்குக் கோவமும் இல்ல. ஒரு நாளும் கடுஞ்சொல் சொன்னதில்ல. என்னத் தொடவும் இல்ல. எங்கிட்ட என்ன கொறன்னு ஒன்றர வருசம் கண்ணாடியப் பாத்துட்டு நின்னேன். போன வாரம் அவுகளே எல்லாத்தையும் சொல்லிட்டாக. அழுதாக. கல்யாணத்துக்கு முந்தியே ஒங்ககிட்ட சொன்னேன்னும் சொன்னாக. அது மெய்தானான்னு கேக்க வந்தேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். "அப்படி எதுவும் அவன் சொல்லல."

அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "நான் டீச்சர்யா. நாப்பது புள்ளைகளோட நாளு பூரா இருக்கேன்" என்றாள். செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. பிரிந்து தாய் வீட்டுக்குப் போனாள். அங்கே அக்கம்பக்கத்தார் பேச்சு தாங்காமல் மதுரைக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் எந்த ஆலயத்துக்கும் போவதில்லை என்று கேள்வி.

அடுத்து சபைக் கமிட்டி கூடியது. அப்போதிருந்த போதகர் நடுவில். ஞானமுத்து சுவர் ஓரமாக, தலையைக் குனிந்தபடி. செல்வினை நிற்க வைத்திருந்தார்கள். தான் இப்படிப்பட்டவன் என்று அவன் மறைக்கவில்லை. ஒரே ஒரு காரியத்தைத்தான் மறுத்தான்: அந்தப் பெண்ணை ஏமாற்றிக் கட்டினேன் என்று சொல்லாதீர்கள் என்றான். உபதேசியாரய்யாவிடம் முன்கூட்டியே சொன்னேன், நிறுத்தச் சொல்லிக் கேட்டேன் என்றான்.

போதகர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா உபதேசியாரே?"

முப்பது வருட ஊழியம். மூன்று ஆலயம். கல்வெட்டு. எதிரே, என்னோடு கரி தள்ளிய ஞானமுத்து. தெரிந்தும் என் மகனுக்கு இதைச் செய்தாயா என்று அவன் கேட்டால் என்ன சொல்வேன்? இல்லை என்று தலையை ஆட்டினேன். வாயால்கூடச் சொல்லவில்லை, ஆட்டினேன்.

ஞானமுத்து அப்போதுதான் நிமிர்ந்தான். மகனைப் பார்த்து, "மத்ததக்கூடப் பொறுத்திருப்பேன்ல. ஒரு ஊழியக்காரன் மேல பொய் சொல்றியே" என்றான்.

செல்வின் என்னைப் பார்த்தான். எனக்கு இன்னொரு தடவை இடம் கொடுப்பதுபோல் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பத்து எண்ணும் நேரம் இருக்கும். பிறகு, "சரி, அய்யா சொல்றதே இருக்கட்டும்" என்று வெளியே போனான். போகிற போக்கில் கீழே அவிழ்ந்து கிடந்த மைக் ஒயரை எடுத்து, சுற்றி, ஆணியில் மாட்டிவிட்டுப் போனான்.

சபைப் பேரேட்டை நாம் டாப்பு என்போம். அதில் அவன் பெயரைச் சிவப்பு மையில் கோடு போட்டு அடித்தார்கள். ஸ்கேல் பிடித்துக் கோடு போட்டவன் நான். காரணம் என்ற இடத்தில், முறையற்ற வாழ்க்கை என்றும் பொய்ச்சாட்சி என்றும் என் கையால் எழுதினேன். பொய்ச்சாட்சி என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுத வேண்டுமே என்று பக்கத்தில் கேட்டு எழுதினேன்.

*

செல்வினும் பாண்டியும் கோயம்புத்தூர் போய்விட்டார்கள். ஐந்து வருடம் தகப்பனும் மகனும் பேசவில்லை. பிறகு ஞானமுத்துவுக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரி வரை வந்தார்கள். வீடு வரை வரவில்லை. செய்தி கேட்ட மறுநாள் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். செல்வின் அருப்புக்கோட்டையில் கிடைத்த வேலைக்குப் போக, பாண்டி வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டார். 'அந்த ரெண்டு பேரும்' இருக்கிற வீடு என்பதால் ஜெபக்குழு அங்கே போவதில்லை என்று முடிவாகியிருந்தது. நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஒரு காலை போனேன்.

வாசலிலேயே, "செருப்ப அங்கிட்டே விடுங்கய்யா, இப்பத்தான் தொடச்சேன்" என்று ஒரு குரல். கைலியை மடித்துக் கட்டிய கனத்த ஆள். அவர்தான் பாண்டி. உள்ளே ஞானமுத்துவை ஒரு நாற்காலியில் சாய்த்து, காலைத் தண்ணீர் வாளியில் ஊற வைத்து, நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கரி மூட்டத்தில் நடந்த பாதம். நகம் கல்லாக இருக்கும்.

"பெருசு, கால ஆட்டாத. அறுந்துச்சுன்னா எம்மேல கேஸு போடுவ."

ஞானமுத்து கோணிய வாயால் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது.

இயேசு சீஷர்களின் கால் கழுவிய நினைவாக, ஒவ்வொரு பெரிய வியாழனும் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்கார வைத்து நான் கால் கழுவியிருக்கிறேன். எல்லோரும் வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார்கள். அழுக்குக் காலை ஒருவர் கழுவி நான் பார்த்தது அந்த வீட்டில்தான். அதைக் கழுவியவர் நம் டாப்பில் என்றைக்கும் இருந்ததில்லை. அவரை நேசித்தவனின் பெயர் இருந்தது, நான் அடித்துவிட்டேன்.

பாண்டி வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். ஞானமுத்து என் கையைப் பிடித்தான். பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது.

"மாசிலா. எம்மவன் அன்னைக்கு ஒன்ட்ட சொன்னானா, இல்லையா?"

இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த சீஷனைப் பற்றி நான் எத்தனை பிரசங்கம் பண்ணியிருப்பேன் என்று கணக்கில்லை. எஸ்தரிடம் ஒரு தடவை, கமிட்டியில் ஒரு தடவை ஆகிவிட்டது. மூன்றாவது தடவைக்கு எனக்குத் தெம்பில்லை.

"சொன்னான்" என்றேன். "நிறுத்தச் சொல்லிக் கேட்டான். நான்தான் நிறுத்தல."

ஞானமுத்து கையை எடுத்துக்கொண்டான். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "அஞ்சு வருசம்" என்றான். "அஞ்சு வருசம் எம்மவனப் பொய்யன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனேல."

செல்வின் வேலைக்குக் கிளம்பி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தான். கேட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்து, "அய்யாவுக்கு டீ போடச் சொல்லவா?" என்றான். தம்பிமாரே, என்னை யாரும் அடித்ததில்லை. அடித்தால் எப்படி வலிக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

அடுத்த மாதம் ஞானமுத்து இறந்துபோனான். அடக்கத்தில், மகன் என்பதால் செல்வினை மண் போட விட்டார்கள். பாண்டி கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நின்றார். நான் கட்டிய சுவர் அவருக்கு மார்பு வரை இருந்தது. நான் வாசலுக்குப் போய், உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன்.

"வேண்டாம்யா. நான் உள்ள வந்தா அப்புறம் எல்லாரும் என்னயத்தான் பாப்பாக. அவரு இன்னைக்கு ஒரு நாளாச்சும் சும்மா அழுதுக்கிடட்டும்."

நானும் அவரோடு வெளியே நின்றேன். அதைப் பெரிய காரியமாக எழுதவில்லை. எனக்கு உள்ளே இடம் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் போயிருக்கலாம். அவருக்கு இல்லை. அந்தச் சுவரைக் கட்டும்போது ஆடு மாடு வராமல் இருக்கத்தான் கட்டினேன்.

*

அடக்கம் முடிந்த வாரமே இப்போதைய போதகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாப்பில் திருத்த வேண்டும் என்றேன். இளைஞர், நல்ல மனிதர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுபோன விஷயம் அய்யா. கர்த்தர் மன்னிப்பார். இத்தனை வருட ஊழியத்துக்கு இப்போ எதற்குக் கெட்ட பெயர்? மலர் வேறு வரப்போகிறது" என்றார். என்மேல் உள்ள அன்பினால்தான் சொன்னார். அந்த மாதிரி அன்பினால்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து செல்வினைப் பொய்யனாக்கினோம்.

இந்த விஷயத்தில் வேதம் படித்தவர்கள் இரண்டு பக்கமாகப் பேசுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அந்தப் பேச்சுக்கு என் ஐந்தாம் வகுப்பு போதாது. எனக்குக் கரி தெரியும். மூட்டத்திலிருந்து வருகிற புகையின் நிறத்தைப் பார்த்து, உள்ளே விறகு கரியாகிறதா, சாம்பலாகிறதா என்று தூரத்திலிருந்தே சொல்வேன். செல்வினும் பாண்டியும் இருந்த வீட்டில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்தேன். அங்கே எதுவும் சாம்பலாகவில்லை. சாம்பலானது நான் சேர்த்து வைத்த வீடு.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். நாளைக்கு உங்களிடமும் ஒருவன் வருவான், அல்லது ஒருத்தி வருவாள். இத்தனை சபைகளில் வராமல் இருக்கமாட்டார்கள். வந்தால் உடனே தலையில் கை வைக்காதீர்கள். ஜெபத்தை வைத்து வாயை அடைக்காதீர்கள். உட்காருங்கள். நீ என்னிடமிருந்து என்ன கேட்கிறாய் என்று கேளுங்கள். பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும். செல்வின் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். அவர்கள் சொன்னதை வெளியே கொண்டுபோகாதீர்கள். ஆனால் அவர்கள் கேட்டதைச் செய்யாமலும் விடாதீர்கள். கல்யாணத்தை மருந்தாக எழுதிக் கொடுக்காதீர்கள், குடிக்கப்போகிறவர்கள் இரண்டு பேர். அப்படி இரண்டு ஆண்களோ இரண்டு பெண்களோ சேர்ந்து ஆலயத்துக்கு வந்தால், மற்ற குடும்பங்களை எங்கே உட்கார வைப்பீர்களோ அங்கே உட்கார வையுங்கள். திருவிருந்துக்கு முழங்காலிட்டால் அப்பத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். மேசை நம்முடையது அல்ல. நாம் விரிப்பு விரிக்கிறவர்கள்.

கடைசியாக, மலர் போடுகிறவர்களுக்கு.

என் பெயருக்குக் கீழே மூன்று ஆலயம், ஆறு சபை, சுற்றுச்சுவர், போர்வெல் என்று போடப்போகிறீர்கள் என்று தெரியும். போடுங்கள். நான் கட்டியதுதான், எவனுக்கும் அதில் பங்கில்லை. ஆனால் அதே பட்டியலில், அதே எழுத்தின் பருமனில், இதையும் போட வேண்டும்: முப்பத்தொன்பதாவது கல்யாணத்துக்குத் தடை இருந்தது. அது உபதேசியார் மாசிலாமணிக்குத் தெரியும். மூன்று ஞாயிறும் அவரே கேட்டார், அவரே மறைத்தார். எஸ்தரிடம் பொய் சொன்னார். கமிட்டியில் பொய் சொன்னார். செல்வின் சொன்னது உண்மை.

டாப்பில் பொய்ச்சாட்சி என்று எழுதியிருக்கும் இடத்தில் செல்வின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். எழுத்து யாருடையது என்று தேட வேண்டாம், அது என் கையெழுத்துதான். அவன் திரும்பி வருவானா என்று என்னைக் கேட்காதீர்கள். வரமாட்டான் என்றுதான் நினைக்கிறேன். வரமாட்டான் என்பதற்காகக் கோடு அப்படியே கிடக்கக் கூடாது.

ஆலயச் சுவரில் இருக்கும் கல்வெட்டிலிருந்து என் பெயரை வேண்டுமானால் கொத்தி எடுத்துவிடுங்கள், வருத்தப்படமாட்டேன். கொஞ்சம் வருத்தப்படுவேன். ஆனால் இந்த ஒப்புதலிலிருந்து என் பெயரை எடுக்கக் கூடாது. அன்றைக்கு அந்த ஆலயத்தில் தடையைக் கேட்கவும் மறைக்கவும் கூடியவன் நான் ஒருவன்தான் இருந்தேன். நான்தான் செய்தேன்.